வெடியில் போன கைகள்

தண்ணீருக்குள் வெடிக்கும் வெடி கரையில் நிற்பவனுக்குப் பெரிதாகக் கேட்காது. அடைத்த குரலில் ஒரு சத்தம் வரும், காலடியில் மண் ஒருமுறை விம்மும், அவ்வளவுதான். 1963 பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, கண்டல்முனைக் கரையில் கவிழ்த்துக் கிடந்த தோணிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த இராயப்பு இரண்டு சத்தம் கேட்டார். முதலாவது தண்ணீருக்குள் கேட்டது. இரண்டாவது காற்றில் கேட்டது. இரண்டாவதைக் கேட்டதும் அவருடைய தூரிகை நின்றுவிட்டது. காற்றில் வெடித்தால், எவனோ ஒருவனுடைய கைக்குள் வெடித்திருக்கிறது என்று பொருள்.

அந்தக் காலத்தில் வாவியில் வெடி போட்டு மீன் பிடிப்பது புதினமான காரியமல்ல. கல்லுடைக்கும் இடங்களிலிருந்து தோட்டா களவாக வரும். திரியை வெட்டி, பற்றவைத்து, மீன் கூட்டத்துக்குள் எறிந்தால் வலைக்காரன் ஒரு கிழமையில் பிடிக்காததை ஒரு நொடியில் அள்ளலாம். திரி ஒரு விரல்கடை குறைந்துவிட்டால், மீனுக்குப் போகவேண்டியது கையோடு போகும்.

சற்று நேரத்தில் கண்டல் மரங்களுக்குள்ளிருந்து ஒருவன் வந்தான். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து இடக்கையைச் சுற்றியிருந்தான். சாரம் முழுவதும் இரத்தம். அவன் இராயப்புவின் மனைவி மக்டலினின் தம்பி தோமஸ். ஊரில் அவனை நண்டன் என்பார்கள். இளவயதில் திருவிழாச் சந்தையில் பச்சை குத்துகிறவனிடம் போய் இடது மணிக்கட்டில் ஒரு நண்டைக் குத்திக்கொண்டு வந்திருந்தான். குத்தியவன் அவசரக்காரன் போலும். நண்டுக்கு ஒரு கொடுக்கு பெரிது, மற்றது சிறிது. அந்தக் கோணல் நண்டைக் காட்டித்தான் தோமஸ் கலியாணத்துக்குப் பெண்ணே கேட்டான், அதனால்தான் இன்னும் தனியாள் என்று பகிடி பண்ணுவார்கள்.

"மச்சான், அக்காவுக்குச் சொல்லாதீங்க" என்றான். அதற்குப் பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

இராயப்பு சாரத்தை விலக்கிப் பார்த்தார். நான்கு விரல்கள் இல்லை. பெருவிரல் ஒரு தோலில் தொங்கியது. உள்ளங்கை பிளந்து, வெள்ளை எலும்பு இரண்டு வெளியே நின்றது. மணிக்கட்டில் நண்டு மட்டும் ஒரு கீறலும் படாமல் அப்படியே இருந்தது.

மீன் ஏற்ற வந்திருந்த காத்தான்குடி மஜீட்டின் மாட்டு வண்டிலில், சாக்குக்குக் கீழே, மணலை என்கிற மீன் நிறைந்த பெட்டிகளுக்கு நடுவே கிடத்தி அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மஜீட் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வழியில் ஒருமுறை திரும்பி, "ராயப்பர், மூச்சு கிடக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று பின்னேரம்தான் மற்றச் செய்தி வந்தது. கண்டலுக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலையோடு நின்ற வினாயகமூர்த்தி என்பவனைப் பிணமாக எடுத்திருந்தார்கள். உடம்பில் வெளியே ஒரு காயமும் இல்லை. மூக்காலும் காதாலும் இரத்தம் வடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தபோது நுரையீரல் இரண்டும் நைந்த துணி மாதிரிக் கிழிந்திருந்தது. முதல் வெடியின் அதிர்ச்சி தண்ணீரோடு வந்து அவன் நெஞ்சுக்குள் புகுந்திருக்கிறது. அவனுக்கு இராசாத்தி என்று மனைவி. மூன்று சிறு பிள்ளைகள். பிரேதத்தைக் கழுவும்போது அவனுடைய அண்ணன் சீனித்தம்பி தம்பியின் நெஞ்சில் கையை வைத்து, இந்த வெடியைப் போட்டவன் எவனென்று தெரிகிற நாளில் அவன் கழுத்தை அறுப்பேன் என்று சத்தியம் செய்தான். சீனித்தம்பி வீண்பேச்சுப் பேசுகிற ஆளல்ல என்பது இரு கரைக்கும் தெரியும்.

ஆகவே தோமஸின் உயிர் ஓர் இரகசியத்தில் தொங்கியது. அதை அறிந்தவர்கள் இராயப்பு, மக்டலின், மஜீட், அடுத்தது டொக்டர்.

டொக்டர் நல்லரத்தினம் யாழ்ப்பாணத்து மனிதர். மட்டக்களப்புக்கு வந்து இரண்டு வருடமாகியிருந்தது. வெட்டித் தைப்பதோடு அவர் நிற்கவில்லை. வெடியில் காயப்பட்டு வந்தவர்களின் கணக்கை ஆஸ்பத்திரிப் பழைய பதிவுகளிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்தில் பதினேழு கைகள், ஒன்பது கண்கள், நான்கு உயிர்கள். எந்த மாதத்தில் கூடுதல், எந்த மாதத்தில் குறைவு, திரி எவ்வளவு நீளம் என்றெல்லாம் ஆள் ஆளாக விசாரிப்பார். சொன்னால் பொலிசு வரும் என்று பயந்தவர்களிடம், பெயர் ஒருநாளும் வெளியே வராது என்று வாக்குக் கொடுப்பார். தோமஸ் அந்த வாக்கை நம்பித்தான் உள்ளதைச் சொன்னான்.

இராயப்புவின் கைத்திறமை டொக்டருக்குத் தெரியவந்தது அந்தக் கட்டிலருகில்தான். தோமஸ் மயக்கத்தில் கிடக்க, இராயப்பு ஒரு மருந்துத் தாளின் பின்பக்கத்தில் அந்தக் கையைப் படமாகக் கீறிக்கொண்டிருந்தார். மனம் கலங்கினால் எதையாவது கீறுவது அவருடைய வழக்கம். டொக்டர் வாங்கிப் பார்த்து, எந்த எலும்பு எங்கே நிற்கிறது என்பதைப் புகைப்படத்திலும் இவ்வளவு தெளிவாகக் காண ஏலாது என்றார். அன்றிலிருந்து காயப்பட்ட கை எது வந்தாலும் இராயப்புவுக்கு ஆள் போகும். முந்திய வருடங்களில் கை போனவர்களையும் டொக்டர் கூப்பிட்டு இருத்திக் கீறுவித்தார்.

இராயப்புவுக்கு அந்தக் கைத்திறமை வந்தது கண்டல்முனை அந்தோனியார் கோயிலால். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. உடம்பில் ஒரு பாகத்துக்கு வருத்தம் வந்து அந்தோனியாருக்கு நேர்ந்து சுகமானால், அந்தப் பாகத்தைச் சிறு பலகையில் கீறுவித்துக் கோயில் சுவரில் மாட்டவேண்டும். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவக்காரரும் நேர்ந்துகொள்வார்கள். பலகையில் பெயர் எழுதுவதில்லை. பெயர் பெருமைக்கு என்பார்கள். ஆனால் ஆளுடைய அடையாளம் இருக்கவேண்டும். மறு, தழும்பு, கோணல் நகம், ஏதாவது ஒன்று. இல்லாவிட்டால் அந்தோனியாருக்கு ஆள் தெரியாது. நேர்த்தி யாருக்கோ போய்ச் சேர்ந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பலகைகளைக் கீறியவர் இராயப்பு. கையோ காலோ முழுவதையும் முடித்துவிட்டுக் கடைசியாக அந்த அடையாளத்தை வைப்பார். செபத்துக்கு ஆமென் போல.

ஆவணி மாதம் டொக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். கொழும்பில் வைத்தியர்களின் கூட்டமொன்றுக்கு இந்தக் கணக்கையும் படங்களையும் அனுப்பப் போகிறார். அதற்குமுன், இந்தக் கணக்கு யாருடைய கைகளைப் பற்றியதோ அவர்கள் கண்ணில் அது படவேண்டும். கொழும்பு அலுமாரிக்குள் கிடக்கிற எண்ணால் கண்டல்முனையில் ஒரு விரல்கூட மிஞ்சாது என்றார். மீன் சந்தையில் இரண்டு பெரிய பலகை வைப்போம். ஒன்றில் மீன், ஒன்றில் கை. இராயப்புவிடம் அவர் சொன்னது இது:

"பேர் ஒண்டும் போடாதேங்கோ. மாதத்தை மட்டும் கீழை எழுதுங்கோ. மற்றதெல்லாம் உள்ளது உள்ளபடி."

மீன் பலகையில் வெடியில் செத்த மணலையொன்று வயிறு திறந்து கிடந்தது. காற்றுப்பை வெடித்து, முள்ளந்தண்டு ஓரமாக இரத்தம் கட்டி நின்றது. பக்கத்தில் வலையில் பட்ட மணலை; உள்ளே எல்லாம் சுத்தம். எழுத்துத் தெரியாத பெண்ணும் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். மற்றப் பலகையில் ஒன்பது கைகள். மேலே "வெடியில் போன கைகள்" என்று எழுதி, ஒவ்வொன்றின் கீழும் மாதமும் வருடமும். இராயப்பு ஆஸ்பத்திரித் தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கையாக எண்ணெய் நிறத்தில் பலகைக்கு ஏற்றினார். ஒவ்வொன்றையும் முடித்ததும் அடையாளத்தை வைத்தார். ஒருவனுக்கு எரிகாயத் தழும்பு, ஒருவனுக்கு மறு. நான்காவது கைக்கு நண்டு. பெரிய கொடுக்கு, சிறிய கொடுக்கு.

இரகசியத்தை அறிந்த மனிதர் எப்படி அதைச் செய்தார் என்று பிற்காலத்தில் பலர் கேட்டார்கள். பன்னிரண்டு வருடமாக ஒரே பாயில் இருந்து சாப்பிட்ட மச்சானுடைய கை அது. அந்த நண்டு இராயப்புவின் கண்ணுக்கு நகம் மாதிரி, ரேகை மாதிரி ஆகியிருந்தது. பெயரைத்தான் மறைக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார், பலகையில் பெயர் இல்லை. டொக்டருக்கோ ஊருக்குள் நண்டன் என்றால் யார் என்று தெரியாது. இருவரும் பலகைக்கு முன்னால் நின்று, திருப்தியோடு தலையாட்டினார்கள்.

பலகைகள் வெள்ளிக்கிழமை ஏறின. மீன் பலகை முதல் நாளிலேயே வேலை செய்தது. மஜீட் தன்னுடைய தட்டில் ஒரு மீனைத் திறந்து, படத்துக்கு நேரே பிடித்து, "பாருங்க, என்ட மீன் வலை மீன்" என்று காட்டினார். பெண்கள் எல்லாத் தட்டுகளிலும் வயிற்றைத் திறக்கச் சொன்னார்கள். இரண்டு வியாபாரிகளின் மீன் அப்படியே கிடந்து நாறியது. அவர்களில் ஒருவன் மஜீட்டைக் கன்னத்தில் அறைந்தான். மஜீட் மீன் வெட்டும் பலகையைத் தூக்கி அவன் முழங்காலில் போட்டார். பொலிசுக்காரர் வந்து பிரித்துவிட்டார்.

கைப் பலகைக்கு முன்னால் யாரும் நெடுநேரம் நிற்கவில்லை. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்த கண்டல்முனைப் பெண்களில் செபஸ்தியம்மா என்பவள்தான் கிட்டப்போய் நின்றாள். மீன் கூடைக்காரி, வாய்க்குப் பூட்டில்லாதவள்.

"இஞ்ச பாருங்க கா, நண்டன்ட கை. கல்குடாவில கரைவலைக் கப்பியில நசிஞ்சு போன கை எண்டானே, அது எப்பிடி இஞ்ச வந்து தொங்குது?"

பெண்கள் சிரித்தார்கள். தோமஸ் ஆஸ்பத்திரியால் நேரே கல்குடாவுக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு, அந்தக் கப்பிக் கதையோடுதான் ஊருக்கு வந்திருந்தான். சிரிப்பு ஓய்ந்தபோது, கூட்டத்துக்குப் பின்னால் இராசாத்தி நின்றாள். அவள் சிரிக்கவில்லை. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். 1963 பெப்ரவரி. அந்த மாதத்தில் வாவியில் ஒரேயொரு நாள்தான் அவளுக்கு ஞாபகம். கூடையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு, சீனித்தம்பி நிற்கிற தோணித்துறைப் பக்கம் நடந்தாள்.

மஜீட் இதைக் கண்டார். தட்டைப் போட்டுவிட்டுச் சைக்கிளில் ஓடினார். இராயப்பு கோயில் மதிலோரம் நின்றிருந்தார்.

"ராயப்பர், பலகையில நண்டு கிடக்கு. இராசாத்தி கண்டுட்டாள்."

இராயப்புவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தன்னுடைய வலக்கையைப் பார்த்தார். மஜீட்டின் சைக்கிளை வாங்கி ஏறினார்.

தோமஸ் வீட்டு முற்றத்தில், பூவரச நிழலில் இருந்து, காலின் பெருவிரலில் கிழிந்த வலையை மாட்டி ஒற்றைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். மக்டலின் தம்பிக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். இராயப்பு சைக்கிளைப் போட்டுவிட்டு, ஓடு, வள்ளத்தைத் தள்ளு என்றார். ஏன் என்று தோமஸ் கேட்டு முடிப்பதற்குள் சீனித்தம்பியின் தோணி கரையில் முட்டியது. அவனோடு மற்றத் தம்பிமார் இருவர். கடைசியாக இராசாத்தி இறங்கினாள்.

சீனித்தம்பியிடம் கண்டல் வெட்டும் கத்தி இருந்தது. தம்பிமார் கையில் தோணி தள்ளும் தடிகள். இராயப்பு நடுவில் போய் நின்றார்.

"சீனித்தம்பி, அது தோமஸ்ட கை இல்ல. வேற ஆருடையதோ. நண்டு நான் சும்மா போட்டது, ஒரு அழகுக்கு."

சீனித்தம்பி நின்றான். கோபத்திலும் அவன் மரியாதை விடவில்லை.

"எங்கட அம்மாட காலை நீங்கதானே கீறின ராயப்பர். பெருவிரல் நகத்தில கறுப்பு ஒரு பொட்டு. அதை விட்டிடுங்க, வெக்கமாக் கிடக்கு எண்டு அம்மா கெஞ்சினா. ஏலா எண்டீங்க. நீங்களா சும்மா ஒரு கோடு போடுறது?"

இருபத்திரண்டு வருடமாக ஒரு புள்ளியும் கூட்டாமல் குறைக்காமல் கீறியவர் தன் வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்ன பொய், அந்த இருபத்திரண்டு வருடத்தில் மோதி உடைந்துபோனது.

"விலகுங்க மச்சான்" என்றான் தோமஸ் பின்னாலிருந்து. எழுந்து நின்றிருந்தான். "ஓம் சீனியண்ணன். நான்தான் போட்டன். கண்டலுக்குப் பின்னால ஆள் நிண்டது எனக்குத் தெரியா. அந்தோனியார் அறிய, தெரியா."

முதல் தடி இராயப்புவின் தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்த சத்தத்தை அவரே கேட்டார். விழுந்த இடத்தில் கிடந்தபடிதான் மிச்சத்தைப் பார்த்தார். தோமஸை இருவரும் அடித்தார்கள். முதுகில், முழங்காலில், முகத்தில். தடியொன்று முறிந்தது, முறிந்த துண்டால் அடித்தார்கள். மக்டலின் ஒருவனுடைய முதுகில் ஏறிக் காதைக் கடித்தாள். அவன் உதறியதில் சோற்றுச் சட்டிக்கு மேலே போய் விழுந்தாள். தோமஸ் ஒருமுறையும் கை ஓங்கவில்லை. மொட்டைக் கையால் முகத்தை மட்டும் மறைத்துக்கொண்டிருந்தான். பிறகு அதுவும் விழுந்துவிட்டது.

சீனித்தம்பி அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கழுத்தை நிமிர்த்தினான். அப்போதுதான் இராசாத்தி பேசினாள். வந்ததிலிருந்து அவள் வாய் திறந்தது அது ஒருமுறைதான்.

"கழுத்து வேணாம். செத்தா இவனுக்கு ஒரு நாளோட முடிஞ்சிரும். என்ட புள்ளைகளுக்கு இப்ப நான்தான் உழைச்சு ஊட்டுறன். இவனுக்கு இவன்ட ஆக்கள் ஊட்டட்டும்."

சீனித்தம்பி அவளைப் பார்த்தான். பிறகு தோமஸின் வலக்கையை வலை பொத்துகிற கட்டையின்மேல் இழுத்து வைத்தான். ஒரு வெட்டில் போகவில்லை. மூன்றாவது வெட்டில் போனது.

தோமஸ் பிழைத்தான். மஜீட்டின் அதே வண்டில்தான் அவனைக் கொண்டுபோனது. டொக்டர் நல்லரத்தினம் விடியும்வரை கட்டிலருகில் இருந்தார். எப்படி நடந்தது என்று இராயப்பு சொன்னபோது அவர் எழுந்து போய், தன் கையாலேயே சந்தையிலிருந்து கைப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தார். மாதம் எழுதச் சொன்னது நான், அடையாளத்தைக் கேளாமல் விட்டதும் நான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கொழும்புக்குப் போகவேண்டிய படங்களைக் கிழித்துவிட நினைத்தார். இராயப்பு சம்மதிக்கவில்லை. காறை எலும்பு பொருந்தியதும் ஒன்பது கைகளையும் புதிதாகக் கீறிக் கொடுத்தார். தழும்பு இல்லை, மறு இல்லை, நண்டு இல்லை; மாதத்தை எடுத்துவிட்டு வருடம் மட்டும். காயம் மட்டும் உள்ளபடி இருந்தது. அவைதான் கொழும்புக்குப் போயின. மீன் பலகை சந்தையிலேயே இருந்தது. வெடி முற்றாக நிற்கவில்லை. ஆனால் வெடி மீனை அந்தச் சந்தையில் பகிரங்கமாக விற்கிற துணிவு அதற்குப் பிறகு யாருக்கும் வரவில்லை.

வெட்டியவர்கள்மேல் வழக்கு நிலைக்கவில்லை. அடித்தவர்களின் முகத்தைக் காணவில்லை என்று தோமஸ் கடைசிவரை சொன்னான். எதையும் அச்சாகக் கீறுகிற ஆளாமே, அந்த முகங்களைக் கீறிக் காட்டு என்று இன்ஸ்பெக்டர் இராயப்புவைக் கேட்டார்.

"நான் கை மட்டும்தான் ஐயா கீறுவன்" என்றார் இராயப்பு.

தோமஸை அவர்கள் தங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். காலைச் சோறு மக்டலின் கை, மத்தியானச் சோறு இராயப்பு கை. இராசாத்தி சொன்னது ஒரு நேரமும் பிசகாமல் நடந்தது. தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது மக்டலின் அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தாள். அந்தப் பலகையைத் தவக்காலத்துக்கு முன் மாட்டவேண்டும் என்று புருஷனை நெருக்கினாள். இராயப்பு இரண்டு கைகளையும் கீறினார். வலது, மணிக்கட்டோடு முடிந்திருந்தது. இடதில் விரலில்லாத உள்ளங்கை. எல்லாம் முடித்துத் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். தோமஸ் எதிரே சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நண்டை வையுங்க மச்சான். இல்லாட்டி அந்தோனியார் பாவம், ஆளைத் தேடித் திரிவார்."

"தேடட்டும்" என்றார் இராயப்பு.

அந்தக் கோயிலில் அடையாளமில்லாமல் ஏறிய பலகை அது ஒன்றுதான். 1978 சூறாவளியில் கூரையோடு சுவரும் போகும்வரை அங்கேயே தொங்கியது.

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, கையையும் கழுவி, அவர் சோற்றைப் பிசையத் தொடங்கினார். அன்றைக்கு மணலைக் கறி. வயிற்றைத் திறந்து பார்த்துத்தான் வாங்கியிருந்தார். முள்ளை எடுத்து, முதல் கவளத்தைத் தோமஸின் வாயருகே கொண்டுபோனார், அவன் சூடு என்றான், ஊதிக் கொடுத்தார்.